பைக் கார்புரேட்டர், நாலு சக்கரம்: நம்பலாமா?

கிட் கார் கட்ட ஆசைப்படும் பையன்கள் சேலத்துப் பட்டறைகளில் கேட்கும் முதல் கேள்வி, எந்த எஞ்சின் வைக்கலாம் என்பது. அடுத்தது அனேகமாக இதுதான்: “பைக் கார்புரேட்டரைக் கழற்றிக் கார் எஞ்சினில் மாட்டுகிறார்களே, அது தாங்குமா? நடுவழியில் காலை வாரிவிடாதா?”

தாங்கும். கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பாகம். பத்து வருடம் பைக்கில் ஓடிய கார்புரேட்டர் காரில் ஏறியதும் திடீரென்று சொதப்பக் காரணமே இல்லை. சொதப்புவதெல்லாம் அதைச் சுற்றி நாம் புதிதாகச் செய்து மாட்டுகிற சமாச்சாரங்கள்தான்: பம்பு, ரப்பர், கேபிள், மேனிஃபோல்டு (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாய்), டாங்க். பழி மட்டும் கார்புரேட்டர் மேல் விழும். ஏன் அப்படி என்பதை, கார்புரேட்டரை ஒருமுறை கூடத் திறந்து பார்க்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கிட் கார் என்றால் என்ன? பாகங்களாக வாங்கி, அல்லது பாதியை நாமே வெல்டு செய்து, வீட்டிலோ பட்டறையிலோ பூட்டிக்கொள்ளும் கார். இந்த வகைக்கு மூலவர் 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன். கதவு கிடையாது, நீண்ட மூக்கு, இரண்டே சீட், ஐந்நூறு சொச்சம் கிலோ எடை. 1973-இல் அதைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அதே வடிவத்தைப் பார்த்து உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் கொட்டகையில் கட்டத் தொடங்கினார்கள். நம் பக்கத்திலும் இந்தச் சொந்தக் கையால் கட்டும் கலை புதிதல்ல. கோவையின் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கு இன்று அவர் பெயர்தான்.

இப்படிக் கட்டுகிறவர்கள் பைக் கார்புரேட்டரைத் தேடிப் போவதற்குக் காரணம் காசு. சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் என்று வைத்தால் எஞ்சின் சட்டென்று மூச்சு விடும், பிக்கப் அருமையாக இருக்கும். அதற்கென்றே செய்யப்பட்ட வெபர் கார்புரேட்டர்கள் யானை விலை. பழைய நாலு சிலிண்டர் பைக்கில் இருந்து கழற்றிய நாலு கார்புரேட்டர் செட் அதைவிடப் பல மடங்கு மலிவு. 1998 முதல் 2001 வரை வந்த யமஹா ஆர்1-இன் 40 மி.மீ. மிக்குனி செட், கவாசாகி இசட்எக்ஸ்-9ஆர்-இன் கெய்ஹின் செட், ஹோண்டா சிபிஆர்600-இன் செட் எல்லாம் கிட் கார் உலகத்தில் பிரபலம். மிக்குனி, கெய்ஹின் இரண்டும் கார்புரேட்டர் கம்பெனிகள். ஆர்1 2002-இல், கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால், இந்தச் செட் எல்லாமே இருபது வருடத்துக்கு மேல் பழசு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளே என்ன நடக்கிறது

பைக்கில் பெரும்பாலும் இருப்பது சி.வி. (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி, காற்றின் வேகத்தை ஒரே அளவில் வைப்பது) வகை. காற்று போகும் குழாயில் இரண்டு தடுப்புகள் உண்டு. ஒன்று, நம் கையோ காலோ திறக்கும் வட்டத் தகடு. அதற்கு முன்னால், மேலும் கீழும் ஏறி இறங்கும் ஸ்லைடு. இந்த ஸ்லைடை நாம் தொடுவதே இல்லை. அதன் தலையில் மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் ஒன்று குடை மாதிரி விரிந்திருக்கும். டயாஃப்ரத்துக்குக் கீழே வெளிக்காற்று. மேலே உள்ள அறையோ, ஸ்லைடின் அடியில் இருக்கும் சின்னத் துளை வழியாகக் காற்றுக்குழாயோடு பேசிக்கொண்டிருக்கும். எஞ்சின் வேகமாக உறிஞ்சினால் ஸ்லைடுக்கு அடியில் அழுத்தம் குறையும். துளை வழியாக மேல் அறையிலும் குறையும். கீழே இருக்கும் வெளிக்காற்று தள்ள, ஸ்லைடு எழும். எழுந்தால் வழி அகலும், அழுத்தம் பழையபடி சமமாகும்.

ஸ்லைடின் அடியில் கூம்பான நீடில் ஒன்று தொங்குகிறது. அதன் நுனி பெட்ரோல் வரும் துளைக்குள் நுழைந்திருக்கும். ஸ்லைடு ஏற ஏற நீடிலின் மெலிந்த பகுதி துளைக்கு வரும், பெட்ரோல் அதிகமாகப் போகும். ஆக, எஞ்சினுக்கு எவ்வளவு காற்று தேவை என்பதை எஞ்சினே ஸ்லைடிடம் சொல்கிறது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை நீடில் விடுகிறது. நாம் ஆக்சிலரேட்டரை மொத்தமாக மிதித்தாலும் ஸ்லைடு அவசரப்படாது.

பழைய மினி, எம்ஜி, ஜாகுவார் கார்களில் இருந்த எஸ்.யூ. கார்புரேட்டரின் தத்துவமும் இதேதான். அதில் டயாஃப்ரத்துக்குப் பதில் ஒரு பிஸ்டன் இருக்கும், அவ்வளவே. காருக்கு ஒத்துவருமா என்ற சந்தேகத்தை இந்த ஒரு விஷயமே தீர்த்துவிட வேண்டும். காரில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய யோசனை இது.

அடுத்து, அளவு. “600 சிசி பைக்கின் கார்புரேட்டர் 1300 சிசி காருக்கு எப்படிப் போதும்?” என்று கேட்பார்கள். கார்புரேட்டருக்கு சிசி தெரியாது. நிமிடத்துக்கு எவ்வளவு காற்று போகிறது என்பதுதான் தெரியும். ஆர்1-இல் ஒரு சிலிண்டர் 250 சிசி, சுழற்சி பத்தாயிரத்தைத் தாண்டும். பழைய மாருதி ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டர் 325 சிசிக்குக் கொஞ்சம் குறைவு, சுழற்சி 6000 பக்கம். பெருக்கிப் பாருங்கள், பைக்கில்தான் காற்று அதிகம் போகிறது. அதாவது ஜிப்ஸி எஞ்சினுக்கு ஆர்1 செட் கொஞ்சம் பெரிசாகவே இருக்கும். 600 சிசி பைக்கின் செட் பொருத்தமாக உட்காரும். பெரிய கார்புரேட்டர் போட்டால் பெரிய பவர் என்று நினைத்து வாங்குவது வீண் செலவு. சின்னதில் காற்று வேகமாகப் போகும், கீழ் வேகத்தில் எஞ்சின் இதமாக இழுக்கும்.

பெட்ரோல் அழுத்தம்: முக்கால்வாசிச் சண்டை இங்கேதான்

கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம். அதில் எப்போதும் ஒரே மட்டத்தில் பெட்ரோல் நிற்க வேண்டும். மட்டத்தைக் காப்பது ஃப்ளோட். மொட்டை மாடித் தண்ணீர் டாங்கில் பந்து மிதந்து குழாயை அடைக்கிற அதே வேலை. ஃப்ளோட் மேலே வந்ததும் ஒரு குட்டி ஊசி வால்வைத் தள்ளி பெட்ரோல் வரும் வழியை அடைக்கும்.

பைக்கில் டாங்க் கார்புரேட்டருக்கு மேலே, ஒன்றரை அடி உயரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் தானாக இறங்குகிறது. ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டுமென்றால் பெட்ரோல் சுமார் 95 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் அந்த ஊசி வால்வு தன் வாழ்நாள் முழுக்கத் தாங்கியது அரை பிஎஸ்ஐ அளவுதான். பம்பு வைத்த பெரிய பைக்குகளில் கூட அது மிக மெலிந்த பம்பு.

இப்போது காருக்கு வாருங்கள். கிட் காரில் டாங்க் பின்னால், தரையை ஒட்டி. பம்பு இல்லாமல் முடியாது. கார் எஞ்சினோடு வரும் மெக்கானிக்கல் பம்பு நான்கைந்து பிஎஸ்ஐ தள்ளும். டாங்கை நாலு மீட்டருக்கு மேலே, மாடி வீட்டின் கூரையில் வைத்த மாதிரி. ஃப்ளோட் என்னதான் முட்டுக்கொடுத்தாலும் ஊசி திறந்துகொள்ளும். கிண்ணம் நிரம்பி வழியும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பு கையில் கிடைத்தது என்று அதை மாட்டுகிறவர்களும் உண்டு. அது 3 பார், அதாவது நாற்பது மீட்டர் உயரத்து டாங்குக்குச் சமம். அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

பட்டறையில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்:

“ண்ணா, நாலாவது கார்புரேட்டர் ஒழுகுதுங்ணா.”

“புது ஊசி வால்வு போட்டியே?”

“போட்டும் ஒழுகுதுங்ணா. இப்ப ரெண்டாவதும் ஆரம்பிச்சிருச்சு.”

“அப்ப கார்புரேட்டர மூடு. பம்பப் பாரு.”

வழிகிற பெட்ரோல் இரண்டு வழியில் போகும். ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியே போனால் வாசனை காட்டிக்கொடுக்கும். அந்தக் குழாயின் முனை சைலன்சர் பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. தீப்பிடித்த கதைகள் இங்கிருந்துதான் வருகின்றன. இன்னொரு வழி மோசமானது: இன்லெட் வழியாகச் சத்தமில்லாமல் சிலிண்டருக்குள் இறங்கும். பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஆயிலில் கலக்கும், ஆயில் தண்ணியாகும், பேரிங் தேயும். சிலிண்டரில் நிறையத் தேங்கிவிட்டால் ஸ்டார்ட் பண்ணும்போது பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் இந்தக் கார் வைத்திருப்பவருக்கு அவசியம். மட்டம் தானாக ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

தீர்வு எளிது. குறைந்த அழுத்த எலெக்ட்ரிக் பம்பு, அதற்குப் பின்னால் ஒரு ரெகுலேட்டர், அதில் ஒரு சின்ன கேஜ். 2 பிஎஸ்ஐ பக்கம் வைத்தால் போதும், இரண்டரையைத் தாண்ட வேண்டாம். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஒரு ரிலே. கார் மோதினால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று. நம்பகத்தன்மைக்காக ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு ரெகுலேட்டரை வாங்குவேன்.

ஃபில்டரும் இதோடு சேர்ந்த கதை. ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் திருகு. ஐட்லிங்குக்கான பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. புதிதாக வெல்டு செய்த அலுமினிய டாங்கில் அரத்தூள் இல்லாமல் இருக்கவே இருக்காது. பம்புக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஃபில்டர் போடுங்கள். முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுங்கள். அடைத்த ஜெட்டைப் பிரேக் கேபிள் கம்பியை விட்டுக் குத்துவதை மட்டும் யாருக்கும் அனுமதிக்க வேண்டாம். பித்தளை மென்மையானது, அடைப்பு போகும், கூடவே ஜெட்டின் அளவும் போகும்.

ரப்பரும் காலும்

பைக்கில் கார்புரேட்டர் செட் இரண்டு பக்கமும் பிடிப்போடு இருக்கும். ஒரு பக்கம் எஞ்சினோடு இணைக்கும் இன்லெட் ரப்பர், இன்னொரு பக்கம் ஏர்பாக்ஸ் எனும் காற்று ஃபில்டர் பெட்டி. காரில் ஏர்பாக்ஸைத் தூக்கிவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் மாட்டுகிறோம். நாலு கார்புரேட்டரின் எடையும் நாலு ரப்பர் கழுத்தில் தொங்குகிறது. எஞ்சின் அதிர அதிர, ரப்பரின் அடிப்பக்கம் மெல்ல வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. வெடிப்பு வழியாகக் காற்று நுழைந்தால் கலவை மெலிந்து (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல்), ஐட்லிங் ஏறி இறங்கும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் சுழற்சி உடனே இறங்காது. இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஏர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை ரப்பரின் அடிப்பக்கம் தெளித்துப் பாருங்கள்; ஓட்டம் மாறினால் அங்கேதான் ஓட்டை. கார்புரேட்டர் கிளீனரை சூடான எஞ்சின் மேல் அடித்து இந்தச் சோதனையைச் செய்கிறவர்களைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

மருந்து, செட்டின் வெளிப்பக்கத்தைத் தாங்க ஒரு மெல்லிய பிராக்கெட். அது எஞ்சினிலேயே பிடிக்கப்பட வேண்டும், சேசிஸில் அல்ல. எஞ்சின் ஆடும்போது சேசிஸ் ஆடாது, ரப்பர்தான் கிழியும். மேனிஃபோல்டு செய்யும்போது வெறும் ஹோஸ் துண்டை வெட்டி மாட்டாமல், அந்த பைக்கின் ஒரிஜினல் இன்லெட் ரப்பரையே வாங்கி, அதற்கு ஏற்ற விளிம்பை லேத்தில் கடைந்துகொள்வது நல்லது. சேலத்தில் நல்ல லேத்துக்கும் அலுமினிய வெல்டிங்குக்கும் பஞ்சமில்லை. வரைபடத்தைச் சரியாகக் கொடுத்தால் போதும்.

கார் எஞ்சினின் இன்லெட் துளைகளின் இடைவெளி பைக்கினுடையதோடு பொருந்தாது. அதனால் சிலர் செட்டையே பிரித்து, கார்புரேட்டர்களுக்கு நடுவே இடைவெளி விட்டு மறுபடி கோப்பார்கள். அப்போது நடுவில் வரும் பெட்ரோல் இணைப்புக் குழாய்களை நீட்டிச் செய்ய வேண்டும். பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டால் நிச்சயம் ஒழுகும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு விட்டான் ரப்பர் ஓ-ரிங் கேட்டு வாங்குங்கள். சோக் கம்பியையும் நீட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். ஒரு சிலிண்டரின் சோக் மட்டும் பாதி திறந்தே நின்று பிளக் கரி பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் கால். பைக்கில் திராட்டிலைத் திருப்புவது மணிக்கட்டு. காரில் மிதிப்பது தொடை வரைக்கும் பலம் உள்ள கால். தகடு முழுதாகத் திறந்த பிறகும் பெடல் இன்னும் கீழே போக இடம் இருந்தால், மிச்ச பலம் மொத்தமும் கேபிள் மேலும், பைக்குக்காகச் செய்த மெல்லிய லிங்க் மேலும் விழும். கேபிள் இழை இழையாகப் பிரியும், லிங்க் வளையும். பெடலுக்கு அடியில் ஒரு போல்ட்டை நிறுத்தி, தகடு முழுதாகத் திறக்கும் இடத்தில் பெடல் அதில் முட்டும்படி வையுங்கள். பைக்கில் திறக்க ஒரு கேபிள், மூட ஒரு கேபிள் என இரண்டு இருந்தது; காரில் ஒன்றுதான். எனவே கூடுதலாக ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங். திறந்தபடி சிக்கிக்கொண்ட ஆக்சிலரேட்டர் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வளைவில் பெட்ரோல் எங்கே போகும்

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் ஏறும்போது வண்டி வளைவுக்குள் சாயும். சாய்வதாலேயே, ஈர்ப்பும் வெளியே தள்ளும் விசையும் சேர்ந்த இழுப்பு டயரின் நேர்கோட்டிலேயே விழும். கார்புரேட்டர் கிண்ணத்தைப் பொறுத்தவரை பெட்ரோல் எப்போதும் மட்டமாகவே இருக்கிறது. எவ்வளவு படுத்து ஓட்டினாலும் அப்படித்தான்.

கார் சாயாது. வெளியே தள்ளும் விசை முழுக்க பக்கவாட்டில் வரும். கிண்ணத்தில் பெட்ரோல் வெளிப்பக்கச் சுவரில் ஏறும். கொண்டை ஊசியில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் திரும்பினால் பெட்ரோலின் மேல்மட்டம் இருபது டிகிரி பக்கம் சாயும். செட்டிபாளையம் டிராக்கில் நல்ல டயரோடு தள்ளினால் நாற்பது டிகிரிக்குப் போகும். பைக்கிற்காகச் செய்த ஃப்ளோட் இதை எப்படித் தாங்கும்?

இங்கே ஒரு வேடிக்கை. லோட்டஸ் செவன் மாதிரிக் காரில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது, பைக்கில் குறுக்கே. எனவே காரில் ஏறிய கார்புரேட்டர் தொண்ணூறு டிகிரி திரும்பி நிற்கிறது. வாய் பக்கவாட்டில் பார்க்கும். பைக்கில் பிரேக் பிடிக்கும்போது கார்புரேட்டர் எந்தத் திசையில் விசையை உணர்ந்ததோ, அந்தத் திசையில்தான் காரில் வளைவின் விசை வருகிறது. பிரேக்கின் வேகத்தைத் தாங்கும்படி அந்த ஃப்ளோட் ஏற்கெனவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆக, எல்லோரும் பயப்படும் வளைவு பெரிய பிரச்சினை தருவதில்லை. அதற்குப் பதிலாகக் காரின் பிரேக், கார்புரேட்டருக்குப் பழக்கமில்லாத திசையில் விழுகிறது. கடுமையாக பிரேக் பிடித்து, வளைவு முடிந்து மறுபடி மிதிக்கும்போது எஞ்சின் ஒரு நொடி திணறினால் இதுதான் காரணம். கிண்ணங்கள் சிறியவை, நாலும் தனித்தனி, மெயின் ஜெட் நடுவாக்கில் இருக்கும் என்பதால் பெரும்பாலும் அந்த ஒரு நொடியோடு முடிந்துவிடும்.

முடியாமல் நீண்டால், மேனிஃபோல்டு செட்டை எந்தக் கோணத்தில் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பைக்கில் கிண்ணம் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு காரிலும் வேண்டும். பானெட்டுக்கு வெளியே வாய் அழகாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று கோணத்தை மாற்றினால், ஃப்ளோட் மட்டமே தப்பாகிவிடும். கட்டுவதற்கு முன் அந்த பைக்கின் ஒரு பக்கவாட்டுப் புகைப்படத்தைப் பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொள்வது போதும்.

மலைக் காற்றும் எத்தனாலும்

சேலம் கடல் மட்டத்தில் இருந்து 280 மீட்டர் அளவு உயரம். ஏற்காடு 1500 மீட்டர். மேலே வெயில் குறைவு என்பதைக் கணக்கில் எடுத்தாலும், காற்றின் அடர்த்தி சேலத்தைவிடச் சுமார் 11 சதவீதம் குறையும். எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். இதற்கு எந்த ஜெட்டும் மருந்தல்ல. ஆனால் கார்புரேட்டர் காற்றை எடைபோட்டுப் பார்ப்பதில்லை, உறிஞ்சும் அழுத்தத்தை மட்டும் பார்க்கிறது. அதனால் பெட்ரோல் அவ்வளவு குறையாது. கலவை ஐந்தாறு சதவீதம் கெட்டியாகும். இந்த அளவுக்கு ஜெட் மாற்ற வேண்டியதே இல்லை. லடாக் போகிறவர்கள் கவலைப்படட்டும்.

இதோடு எத்தனாலைச் சேர்த்துப் பாருங்கள். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். இன்று பங்கில் கிடைக்கும் 20 சதவீதக் கலப்புக்கு 13.5 வருகிறது. இருபது வருடம் முன்பு சுத்தப் பெட்ரோலுக்காக வைத்த ஜெட்டில் இன்றைய பெட்ரோலை விட்டால் கலவை 8 சதவீதம் அளவுக்கு மெலிந்து போகும். மெலிந்தால் எஞ்சின் சூடாகும், ஒரே வேகத்தில் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கும்.

ஆகவே ஒரே கார் சேலத்தில் மெலிந்தும் ஏற்காட்டில் கிட்டத்தட்டச் சரியாகவும் ஓடும். கீழே வெட்டுகிற வண்டி மேலே எஸ்டேட் ரோட்டில் வெண்ணெய் மாதிரி போகிறது என்று யாராவது சொன்னால், “மலைக் காத்து ஒத்துக்குது” என்று சிரிக்காதீர்கள். கீழே ஜெட் சிறிசு என்று அர்த்தம். மேலே பலம் குறைவுதான், ஓட்டம் மட்டும் சீராக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்தால் மீட்டர் இல்லாமலே பாதி டியூனிங் முடிந்தது.

எவ்வளவு பெரிய ஜெட்? கெய்ஹின் மெயின் ஜெட்டின் எண் துளையின் விட்டம். 120-இல் இருந்து 125-க்குப் போனால் விட்டம் 4 சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் துளையின் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். இப்படி ஐந்து எண் ஏறினாலே எத்தனால் கணக்கு நேராகிவிடுகிறது. மிக்குனியின் சில ஜெட்களில் எண் விட்டத்தைக் குறிக்காது, பெட்ரோல் போகும் அளவைக் குறிக்கும். இரண்டு கம்பெனி எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். இது எத்தனாலுக்கான திருத்தம் மட்டும். ஏர்பாக்ஸைக் கழற்றியதற்கும் கார் எஞ்சினின் குணத்துக்கும் சேர்த்து இன்னும் சில படிகள் ஏற வேண்டி வரும். அதை ஊகத்தில் செய்யாமல் சைலன்சர் குழாயில் கலவையை அளக்கும் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மாட்டிப் பார்த்துச் செய்யுங்கள்.

பழைய செட் வாங்கும்போது

இருபது வருடப் பழசு என்று சொன்னேன் அல்லவா? வாங்கும் முன் கையால் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. வாய் வழியாக விரலை விட்டு ஒரு ஸ்லைடை மேலே தூக்கி விடுங்கள். மெதுவாக, மூச்சு விட்ட மாதிரி இறங்க வேண்டும். நாலும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும். ஒன்று மட்டும் தொபுக்கென்று விழுந்தால் அதன் டயாஃப்ரத்தில் ஊசித்துளை இருக்கிறது. அந்த சிலிண்டர் மேல் வேகத்தில் வேலை செய்யாது. வெளிச்சத்துக்கு எதிரே டயாஃப்ரத்தை இழுத்துப் பிடித்தால் துளை தெரியும்.

நீடில் தொங்கும் பித்தளைக் குழாயின் வாயைப் பாருங்கள். வருடக்கணக்காக நீடில் அதிர்ந்து உரசியதில் வட்டம் முட்டை வடிவமாகி இருக்கலாம். இது தேய்ந்தால் பாதி ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் அள்ளிக் குடிக்கும், பிளக் கருக்கும், எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் சரியாகாது. நீடிலும் குழாயும் சேர்த்தே மாற்ற வேண்டும். தகட்டின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் அந்தச் செட்டை விட்டுவிட்டு வேறு தேடுவதே லாபம். மற்றதெல்லாம், கிண்ணத்துப் பச்சைப் பாசி உட்பட, கழுவினால் போய்விடும்.

மாட்டிய பிறகு நாலும் ஒரே அளவு உறிஞ்சுகிறதா என்று வேக்குவம் கேஜ் வைத்துச் சமப்படுத்துங்கள். வழக்கமாக முதலில் ஒன்றும் இரண்டும், பிறகு மூன்றும் நாலும், கடைசியில் இரண்டு ஜோடியையும் ஒன்றோடொன்று. இதைச் செய்யாமல் ஐட்லிங் சரியில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

தூசி பற்றி ஒரு வார்த்தை. மேக்னசைட் சுரங்கப் பக்கத்து வெள்ளைத் தூசி பட்ட வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், துடைத்தாலும் போகாது. வெறும் டிரம்பெட் வாயோடு கார்புரேட்டரைத் திறந்து விடுவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஸ்லைடின் ஓரத்திலும் சிலிண்டர் சுவரிலும் அந்தத் தூசி அரம் போட்டுவிடும். எண்ணெய் தடவிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் கட்டாயம்.

எங்கே ஓட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கையால் கட்டிய காரைப் பொதுச் சாலையில் இறக்குவது சுலபமில்லை. டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோவது, அல்லது உரிமையாளர் அனுமதியோடு ஏற்காட்டு எஸ்டேட்டுக்குள் உள்ள தனியார் பாதையில் ஓட்டுவது என்றுதான் பெரும்பாலும் ஆகிறது. தினமும் ஆபீஸ் போக ஒரு கார் வேண்டுமென்றால் இன்ஜெக்‌ஷன்தான் என் தேர்வு. குளிர், வெயில், உயரம் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஆசை தீர ஓட்டுகிற காருக்கு பைக் கார்புரேட்டர் செட் தாராளமாகப் போதும். கோளாறு வந்தால் ஸ்க்ரூ டிரைவரோடு ரோட்டோரத்திலேயே சரிசெய்யலாம், லேப்டாப் வேண்டாம்.

மாதம் ஒருமுறை ஓட்டுகிற காருக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. கிண்ணத்தில் விட்டுவிட்ட பெட்ரோல் ஆவியாகி, பசை மாதிரி மஞ்சள் படலத்தைப் பைலட் ஜெட்டில் விட்டுப்போகும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஏற்காட்டு மழைக்காலத்து மூடுபனியில் நிறுத்தி வைத்த வண்டியில் இது சீக்கிரமே நடக்கும். அதனால் ஓட்டி முடித்து நிறுத்தும் நாளில் எஞ்சின் ஆறட்டும். பிறகு நாலு கிண்ணத்தின் அடியிலும் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பெட்ரோலை ஒரு டப்பாவில் வடித்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. மறுபடி எடுக்கும்போது பம்பைச் சில நொடி ஓடவிட்டால் கிண்ணம் நிரம்பும், சோக்கை இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.